மாட்டாஸ்பத்திரிக்கு முதலில் போங்கள்

நள்ளிரவில் இராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ஒரு வாடகைக் கார் கிளம்பும். பின் இருக்கையில் சாக்கை விரித்து, அதன்மேல் தலை தூக்க முடியாத ஒரு நாய்க்குட்டி. ஏறத்தாழ 170 கிலோமீட்டர். இராமநாதபுரம் தாண்டும்போதே பாதிக் குட்டிகளுக்கு உடம்பு சில்லிட்டுவிடும். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும். கதையின் கடைசி வரியும் ஒன்றுதான்: "எவ்வளவு செலவு பண்ணியும் காப்பாத்த முடியலை."

அந்தக் கார் கிளம்பும் வரையிலான ஐந்து நாட்களையும் பின்னோக்கி நடந்து பாருங்கள். முதல் நாள் குட்டி சாப்பிடவில்லை. "சூடு பிடிச்சிருக்கும்" என்று மோர் ஊற்றினார்கள். இரண்டாம் நாள் மெடிக்கலில் போய் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் மாத்திரை. மூன்றாம் நாள், பக்கத்துத் தெருவுக்கு ஆடு பார்க்க வருகிறவர் இரண்டு ஊசி போட்டு முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டார். நான்காம் நாள் குட்டி எழுந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தது, வீடே மகிழ்ந்தது. ஐந்தாம் நாள் ரத்தக் கழிச்சல். அப்போதுதான் டாக்டரின் நினைவு வருகிறது. அதுவும் அரசு மருந்தகம் பூட்டிய பிறகு.

வளர்ப்புப் பிராணிக்கு வைத்தியம் பார்க்கக் கட்டுப்படியாகவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும். கார் வாடகையும், வீணான ஊசிகளும், வேலை செய்யாத மாத்திரைகளும் தின்ற பணத்தில் முதல் நாளே முறையான வைத்தியம் பார்த்திருக்கலாம். நம் பக்கத்தில் பணம் போவது பெரும்பாலும் வைத்தியத்தால் அல்ல, வைத்தியரிடம் கடைசியாகப் போவதால்.

யார் வைத்தியர் என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கழகச் சட்டம், 30-ஆம் பிரிவு: பதிவு பெற்ற கால்நடை மருத்துவரைத் தவிர வேறு யாரும் கால்நடை மருத்துவத் தொழில் செய்யக் கூடாது. பி.வி.எஸ்சி. & ஏ.ஹெச். பட்டம், ஐந்தரை வருடப் படிப்பு, அதற்குமேல் மாநிலக் கழகத்தில் பதிவு. இத்தனையும் இருந்தால்தான் அவர் நோய் கண்டறிந்து மருந்து எழுதலாம். சான்றிதழ் அல்லது பட்டயப் பயிற்சி பெற்ற கால்நடை ஆய்வாளர்களும் உதவியாளர்களும் மாநில அரசு அனுமதித்த சிறு சேவைகளைச் செய்யலாம்: தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப் போடுதல், காயடித்தல் போன்றவை. அதையும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். நோய்க்கு மருந்து முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை. பை நிறைய ஊசி வைத்துக்கொண்டு வண்டியில் வருகிற எல்லோரையும் "டாக்டர்" என்று அழைத்துப் பழக்கிவிட்டது நாம்தான்.

அந்த நான்காம் நாள் குட்டி எழுந்தது எப்படி என்று கேட்பீர்கள். அநேகமாக ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஊசி போட்டால் காய்ச்சல் இறங்கும், வீக்கம் வடியும், சுறுசுறுப்பு வந்ததுபோல் தெரியும். உள்ளே ரத்தக் கழிச்சலைத் தரும் பார்வோ என்ற வைரஸ் குடலை அரித்துக்கொண்டே இருக்கும். எதிர்ப்புச் சக்தி மட்டும் குறையும். பார்வோ கண்ட குட்டிக்கு வேண்டியது நரம்பு வழியாக ஏற்றும் குளுக்கோஸ், உப்புச்சத்து, வாந்தியை நிறுத்தும் மருந்து, இரவும் பகலும் ஒரு கண். இதெல்லாம் தெருமுனையில் ஒரு ஊசியில் முடிகிற காரியம் அல்ல. "ஊசி போட்டதும் எழுந்திருச்சுச்சு" என்பதை யாருடைய கைராசிக்கும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே முதல் வேலை, பிராணிக்கு ஒன்றும் ஆகாதபோதே ஒரு பதிவு எண்ணைக் கேட்டு வாங்குவது. மருந்துச் சீட்டின் தலைப்பில் மருத்துவர் பெயருக்குக் கீழே அந்த எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள்: "டாக்டர், உங்க ரிஜிஸ்டர் நம்பரைச் சீட்டுல எழுதிக் கொடுங்க, இன்சூரன்ஸுக்கு வேணும்." படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். சந்தேகம் தீராவிட்டால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவக் கழகத்தின் பதிவேட்டில் அந்தப் பெயரும் எண்ணும் இருக்கின்றனவா என்று எழுதிக் கேட்கலாம்.

மெடிக்கல் கடைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதருக்கு மருந்து விற்க உரிமம் பெற்றவர் அவர். பூனைக்கு வைத்தியம் பார்க்கப் பெற்ற உரிமம் அல்ல அது. காய்ச்சல் என்று பூனைக்குக் கொடுக்கும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் அதைக் கொல்லப் போதும். பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றப் போதிய வழி கிடையாது. ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனே கெட்டு, ஈறு பழுப்பு நிறமாகி, மூச்சுத் திணறிச் சாகும். நாய்க்கு மூட்டு வலி என்று கொடுக்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உண்ணிக்கென்று மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணளவில் நாய்க்கு ஏற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அளவு தப்பினால் நாய் கோமாவில் விழும். நாய்க்குத் தேய்க்கும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதைப் பூனை பக்கமே கொண்டுபோகக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், பூனைக்குப் பாராசிட்டமால் கூடாது. கால் மாத்திரை, அரை மாத்திரை, குழந்தைகளுக்கான சிரப் என்று எந்த உருவத்திலும் கூடாது.

இனி அரசு கால்நடை மருந்தகம், நம் பேச்சில் மாட்டாஸ்பத்திரி. இந்தப் பெயரை வைத்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அங்கே மாடும் ஆடும்தானே பார்ப்பார்கள், நாயைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிக்க மாட்டார்களா என்ற கூச்சம். கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகத்தில் இருப்பவர் கால்நடை உதவி மருத்துவர். தனியார் கிளினிக்கில் இருப்பவர் படித்த அதே படிப்பைப் படித்தவர். நாயும் பூனையும் அவருடைய பாடத்தில் உண்டு. ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி வெறிநோய்த் தடுப்பூசியை முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறார்கள். இராமேஸ்வரம் தீவிலிருந்து இராமநாதபுரம் 55 கிலோமீட்டர்தான். மருந்தகத்தில் முடியாததற்கு அடுத்த படி அங்குள்ள கால்நடை மருத்துவமனை. அதற்கும் மேல் மதுரை தல்லாகுளத்தில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை. எலும்பு முறிவு, கட்டி, கண் அறுவை போன்ற பெரிய காரியங்களுக்கு ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள். இரண்டிலும் போதனை மருத்துவமனை இருக்கிறது. துறைவாரியாகப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். தனியாரில் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் அங்கே ஆகும் செலவு சிறிது. கையில் பரிந்துரைக் கடிதம் இருந்தால் போனதும் வேலை நடக்கும். அந்தக் கடிதத்தை எழுதித் தரும்படி உள்ளூர் மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை.

துறையின் மேல் எனக்குள்ள ஆற்றாமையையும் மறைப்பதற்கில்லை. மருத்துவர் ஒருவரே இரண்டு மருந்தகங்களுக்குக் கூடுதல் பொறுப்பு என்பது கிராமப்புறத்தில் சாதாரணமாகிவிட்டது. கோமாரி முகாமுக்கும் ஆட்டு முகாமுக்கும் அவர் போன நாளில் மருந்தகத்தில் உதவியாளர் மட்டும் உட்கார்ந்திருப்பார். நாய்க்கான கூட்டுத் தடுப்பூசி இருப்பில் இருக்காது. "வெளியே வாங்கிட்டு வாங்க" என்று சீட்டு எழுதுவார்கள். இது ஆடு, மாடு, கோழிக்கென்று அமைத்த துறை, வளர்ப்புப் பிராணி பின்னால் வந்து சேர்ந்தது என்பதெல்லாம் புரிகிறது. ஆனால் பிராணி வளர்ப்பவர்கள் போய்ச் சீட்டுப் போட்டால்தான் பதிவேட்டில் எண்ணிக்கை ஏறும். எண்ணிக்கை ஏறினால்தான் மருந்து கேட்க முடியும். கூச்சப்பட்டு ஒதுங்கினால் அந்த அலமாரி காலியாகவே கிடக்கும்.

1962 என்ற கட்டணமில்லா எண்ணைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வீடு தேடி வரும். அது முதன்மையாகக் கால்நடை வளர்ப்போருக்கானது. ஈன முடியாமல் தவிக்கும் ஆடு, வயிறு ஊதிய மாடு, பாம்பு கடித்த கன்று போன்றவற்றுக்குத்தான் முன்னுரிமை. அதை நாய்க்கு உண்ணி எடுக்கக் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டு ஆடு செத்துக்கொண்டிருக்கும்.

தனியார் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க விளம்பரப் பலகையைப் பார்த்துப் பயனில்லை. பிராணி நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் போன் போட்டுப் பேசுங்கள். இரவில் கூப்பிட்டால் எடுப்பாரா, எடுக்க முடியாவிட்டால் யாரிடம் அனுப்புவார்? எக்ஸ்ரே அங்கேயே உண்டா, மனிதருக்கான மையத்தில் எடுக்க வேண்டுமா? ரத்தப் பரிசோதனை எத்தனை நாளில் வரும்? கருத்தடை அறுவை செய்கிறவர் அவரே தானா, மயக்க மருந்து கொடுத்த பின் பக்கத்தில் யார் இருப்பார்கள்? பேசும் விதத்திலேயே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். "என்கிட்ட எக்ஸ்ரே இல்லை, இராமநாதபுரம் போங்க" என்று நேராகச் சொல்கிறவர், எல்லாவற்றுக்கும் "கொண்டு வாங்க பாத்துக்கலாம்" என்பவரைவிட நம்பத் தகுந்தவர்.

பணத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். நம் ஆட்கள் டாக்டர் முன்னால் பணமில்லை என்று சொல்லக் கூசுவார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் குட்டியைக் கொண்டு வராமல் நின்றுவிடுவார்கள். பாதியில் நின்ற வைத்தியம் பணத்தையும் கொல்லும், பிராணியையும் கொல்லும். "டாக்டர், என்னால ரெண்டாயிரம்தான் முடியும். அதுக்குள்ள எது முதல்ல அவசியமோ அதைச் செய்ங்க" என்று சொன்னால், எந்தப் பரிசோதனையை ஒத்திவைக்கலாம், எந்த மருந்தைத் தவிர்க்கவே கூடாது என்று அவர் வரிசைப்படுத்திச் சொல்வார். அறுவை என்றால் உத்தேசச் செலவை எழுதி வாங்குங்கள். விலை குறைந்த மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: மருந்துச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே படம். ரசீது இல்லாமல் எவ்வளவு கொடுத்தாலும் கொடுத்ததாகக் கணக்கே இல்லை. இதைப் பின்னால் இன்னொரு முறை சொல்வேன்.

தடுப்பூசி அட்டை தனிக்கதை. இந்தக் கரையில் பலர் காட்டும் அட்டையைப் பார்த்திருக்கிறேன். கடலுப்பு ஊறிப் போன ஒரு மடிப்பு அட்டை, அதில் பேனாவால் நான்கு தேதி, ஒரு கிறுக்கல். அது சான்று அல்ல. தடுப்பூசிக் குப்பியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்ட வேண்டும்; அதில் மருந்தின் பெயர், தொகுப்பு எண், காலாவதித் தேதி இருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண். குப்பி உங்கள் கண் முன்னால் குளிர்பெட்டியிலிருந்து வர வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்தைக் கடையில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, சித்திரை வெயிலில் பஸ் ஏறி வந்து போட்டுக்கொண்டால் அது வெறும் தண்ணீர் ஊசி. கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஐஸ் கட்டி வைத்த தெர்மாஸ் பிளாஸ்கில் கொண்டு வாருங்கள்.

குட்டி பிறந்த ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரை. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, அதன்பின் வருடந்தோறும். முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு "ஊசி போட்ட குட்டிக்கே பார்வோ வந்திருச்சு" என்று மருந்தைக் குறை சொல்வது இங்கே வழக்கம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரு குட்டி இறந்த வீட்டில் அழுகை ஓய்வதற்குள் இன்னொரு குட்டி வாங்கிக் கட்டுவது அதையும் கொல்லத்தான். தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள், பழைய சாக்கையும் தட்டையும் எரித்துவிடுங்கள், வரப்போகிற குட்டியைத் தடுப்பூசி முழுவதும் முடிந்த பிறகு கொண்டு வாருங்கள்.

வாங்கும் இடத்திலும் சட்டம் இருக்கிறது. நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் 2017-இன்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்புகிறவரிடம் வாங்கினால், வைத்தியச் செலவை அன்றே வாங்கியதாகத்தான் பொருள். பனிப்பிரதேச ஹஸ்கியை இந்த உப்புக்காற்றில் கொண்டுவந்து கட்டிப்போடுகிறவர்களிடம் என்ன சொல்ல? இராமநாதபுரம் மந்தை நாய் என்று இந்த வெயிலுக்கென்றே வளர்ந்த நாய் நம் மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. அதற்குத் தோல் வைத்தியமும் ஏசி அறையும் வேண்டாம்.

வெறிநோய் விஷயத்தில் பொறுமையாக எழுத எனக்கு வரவில்லை. 2024-இல் மட்டும் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் நான்கு லட்சத்து எண்பதாயிரத்தைத் தொட்டன. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அப்படியிருந்தும் கடித்த இடத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பிக்கொண்டு மந்திரிக்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டு நாய் கடித்தாலும், பூனை பிறாண்டினாலும், அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். காயம் ஆழமாக இருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். அங்கே அது இல்லையென்றால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அட்டவணையில் ஒரு ஊசியைக்கூட விடாதீர்கள். கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது, படகுக்கு டோக்கன் போட்டாச்சு என்று மூன்றாவது ஊசியை விட்டவர்களை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஒரு ஊசியையும் விடாதீர்கள்.

கரைக்கென்று சில ஆபத்துகள் உண்டு. நகரத்து மருத்துவர்கள் எழுதும் குறிப்புகளில் அவை இருக்காது. வாயிலிருந்து தங்கூஸ் தூண்டில் நரம்பு தொங்கிக்கொண்டு நாயோ பூனையோ வந்தால் அதை இழுக்காதீர்கள். உள்ளே தூண்டில் முள் இருக்கிறது. இழுத்தால் உணவுக்குழாய் கிழியும். வாயை ஒட்டி நறுக்கிவிடவும் செய்யாதீர்கள். முள்ளைத் தேடிப் போக அந்த நரம்புதான் மருத்துவருக்கு வழி. தொங்கும் முனையைக் கழுத்துப் பட்டையில் தளர்வாகக் கட்டி, சோறு தண்ணீர் கொடுக்காமல், எக்ஸ்ரே உள்ள இடத்துக்கு நேரே போங்கள். வலையில் வந்த பேத்தை மீனைக் கரையில் வீசிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதைப் புதையுங்கள். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. அதைத் தின்ற நாய் முதலில் தள்ளாடும், வாந்தி எடுக்கும், பின்கால் இழுக்கும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். ஒரு வாய் தின்றதைப் பார்த்தாலும் குறி தெரியும் வரை காத்திருக்கக் கூடாது.

செலவைக் குறைக்கும் வழிகள் பெரும்பாலும் சலிப்பூட்டும் வழிகள்தான். மாதாமாதம் உண்ணி மருந்து, மூன்று மாதத்துக்கொரு முறை குடற்புழு நீக்கம், உரிய வயதில் கருத்தடை. பெண் நாய்க்குக் கருத்தடை செய்தால் கருப்பையில் சீழ் கோக்கும் நோய் வராது. அந்த அவசர அறுவைக்கு ஆகும் செலவு கருத்தடைச் செலவைப் போலப் பல மடங்கு. அஞ்சலகத்தில் 500 ரூபாயில் ஒரு சேமிப்புக் கணக்கைப் பிராணிக்கென்றே தொடங்கி, மாதம் முடிந்ததைப் போடுங்கள். தொடர் வைப்புத் திட்டத்தில் போடாதீர்கள். அது ஐந்து வருடத் திட்டம், நடு இரவு அவசரத்துக்கு உதவாது. நாய்க்குக் காப்பீடு பொதுத்துறை நிறுவனங்களிலும் சில தனியார் நிறுவனங்களிலும் இருக்கிறது. எடுக்குமுன் காத்திருப்புக் காலத்தையும் வயது வரம்பையும் படியுங்கள்; தடுப்பூசி போடாத நாய், தடுப்பூசியால் தவிர்த்திருக்கக்கூடிய நோயில் இறந்தால் பணம் வராது. ஆடு மாட்டுக்கு அரசுக் கால்நடைக் காப்பீடு உண்டு. 2024 முதல் பிரீமியத்தில் வளர்ப்பவரின் பங்கு 15 சதவீதம்தான். ஆனால் காது வில்லை விழுந்துவிட்டால் அன்றே மருந்தகத்தில் சொல்லி மாற்று வில்லை போட வேண்டும். வில்லை இல்லாமல் செத்த ஆட்டுக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

வைத்தியத்தில் தவறு நடந்தது என்று தோன்றினால் பலரும் செய்வது இரண்டே காரியங்கள்: கிளினிக் வாசலில் போய்ச் சண்டை போடுவது, அழுதுகொண்டே பிராணியைக் கடற்கரை மணலில் புதைப்பது. புதைத்ததோடு ஆதாரமும் போயிற்று. முதலில் உடற்கூறாய்வு கேட்டு அன்றே கால்நடை உதவி மருத்துவருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். இந்த வெயிலில் சில மணி நேரத்தில் உடல் கெட்டுவிடும். உடலை பாலித்தீனில் சுற்றி, சுற்றிலும் ஐஸ் போட்டு வையுங்கள். மீன் இறங்கும் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. உறைபெட்டியில் வைத்து உறைய விடாதீர்கள். உறைந்த திசுவில் நோய் தெரியாது. வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் மட்டும் எதையும் தொடாமல் மருத்துவரை வரவழையுங்கள்.

பதிவு பெற்ற மருத்துவர்மேல் புகார் என்றால், பதிவாளர், தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவக் கழகம், சென்னை என்று எழுதுங்கள். தேதிவாரியாக நடந்தது, சீட்டு, ரசீது, பரிசோதனை முடிவு ஆகியவற்றின் நகல், இன்னொரு பதிவு பெற்ற மருத்துவரின் எழுத்துக் கருத்து, இவ்வளவும் இணைக்க வேண்டும். அசலை அனுப்பாதீர்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. அதில் ஒப்புகை வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள்.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மதுரையில் வைத்தியம் பார்த்திருந்தாலும் இராமநாதபுரத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். ஆனால் பணம் கொடுத்துப் பெற்ற சேவைக்குத்தான் இந்தச் சட்டம். பணம் கொடுத்ததற்குச் சான்று ரசீது. முன்பே சொன்னேன், ரசீது வாங்குங்கள். அரசு மருந்தகத்தில் இலவசமாகப் பார்த்த வைத்தியத்துக்கு இந்த வழி இல்லை. அதற்கு மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை, இராமநாதபுரம் என்று எழுத வேண்டும்.

பட்டம் இல்லாமல் ஊசி போடுகிறவரைக் கழகத்தால் பதிவேட்டிலிருந்து நீக்க முடியாது. அவர் பதிவேட்டில் இருந்தால்தானே? அவர்மேல் காவல் நிலையத்திலும் இணை இயக்குநரிடமும் புகார் கொடுக்க வேண்டும். சீட்டே இல்லாமல் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் விற்ற கடையை மருந்து ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும். "பாவம், நம்ம ஊர் ஆள்" என்று விட்டுவிடுவதுதான் நடக்கிறது. அடுத்த வீட்டு ஆட்டுக்கும் அவர்தான் ஊசி போடப் போகிறார்.

மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடந்தால் வாட்ஸ்ஆப்பில் திட்டிப் பயனில்லை. இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி எழுதுங்கள்: எங்கள் மருந்தகத்தில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடம் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி? கூடுதல் பொறுப்பில் வரும் மருத்துவர் எந்தெந்தக் கிழமை வர வேண்டும் என்ற ஆணையின் நகல் எங்கே? கடந்த ஓராண்டில் வந்த வெறிநோய்த் தடுப்பூசி எத்தனை, போட்டது எத்தனை? 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். தனியாகப் போகாமல், ஆடு வளர்க்கும் பெண்கள் நான்கைந்து பேரின் கையெழுத்தையும் மனுவில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது, நாய்க்காக வந்த மனு என்று அதை ஓரங்கட்ட முடியாது. மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இல் கூப்பிட்டு மனு என்ன ஆயிற்று என்று கேட்கும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.